அவசரம் மேட்டுப்பாளையம் வரைக்கும்தான்



பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாயிற்று என்பது எங்களுக்குத் தபாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "குழந்தைகளோடு காரில் ஊட்டிக்குப் போகிறோம், முதல் நாள் என்னென்ன பார்க்கலாம்?" என்று கடிதங்கள் வரத் தொடங்கும். சிலர் பட்டியலையும் கையோடு அனுப்பிவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு மேட்டுப்பாளையம், பத்தரைக்குத் தாவரவியல் பூங்கா, மதியம் படகு இல்லம், சாயங்காலம் தொட்டபெட்டா, ராத்திரி சாக்லேட் கடை. படிக்கிற எனக்கே மூச்சு வாங்குகிறது. வண்டி ஓட்டப்போகிறவர் பாடு என்ன ஆகும்!

கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஊட்டிக்குப் போகவே வேண்டாம். மலை ஏறுவதுதான் அன்றைய வேலை. ராத்திரித் தங்கலைக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் சாலை. அதற்குள் பாக்குத்தோப்பு போய் மூங்கில் வரும், மூங்கில் போய்ப் பலா வரும், அப்புறம் சட்டென்று ஒரு திருப்பத்தில் தேயிலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குக் குறையாமல் சூடு இறங்கும். ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கல்லாறில் கசகசத்த சட்டை காட்டேரி பூங்கா வருவதற்குள் காய்ந்துவிடும். குழந்தைகள் காது அடைக்கிறது என்பார்கள். வாங்கி வைத்த சிப்ஸ் பாக்கெட் பின் சீட்டில் உப்பிக்கொண்டு கிடக்கும். காற்றழுத்தப் பாடம் நடத்த இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

குன்னூர் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஏறினால் நாலாவது வளைவிலேயே பலன் தெரிந்துவிடும். இரண்டு இட்லி போதும். பையில் எலுமிச்சம்பழமோ இஞ்சி மொரப்பாவோ இருக்கட்டும். மீதிப் பசியைப் பர்லியாறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பர்லியாறில் கட்டாயம் இறங்குங்கள். அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிற ஊர் அது. சாலையோரக் கடைகளில் சமவெளியில் எளிதில் பார்க்க முடியாத பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். சீசன் இருந்தால் மங்குஸ்தான் கிடைக்கும். வாங்கியவுடன் பிளந்துவிடாதீர்கள். பழத்தின் அடியில் சின்னப் பூப்போல ஒரு தழும்பு இருக்கும்; அதன் இதழ்களை எண்ணச் சொல்லுங்கள் பிள்ளைகளை. எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எண்ணி, பிளந்து, சரிபார்த்துச் சாப்பிடுவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். தோலின் கறை மட்டும் துணியில் பட்டால் சாமானியமாகப் போகாது, வெள்ளைச் சட்டைக்காரர்கள் தள்ளி நின்று சாப்பிடுவது நல்லது.

பலா பழுக்கும் மாதங்களில் இந்தச் சரிவுக்கு யானைகளும் வந்துவிடும். அதனால் காட்டுப் பகுதியில் நிறுத்துவது, இறங்கிப் படம் எடுப்பது இரண்டும் கூடாது.

"ஒரு நாளையே பாதைக்குக் கொடுப்பதா?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைக்கு வந்தார். அவர் முயற்சியால் போடப்பட்ட முதல் பாதை நேரே ஊட்டிக்குப் போகவில்லை. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம்தான் ஏறியது. ஊட்டியில் கல் பங்களா கட்டுவதற்கு முன்னால் அவரும் கோத்தகிரிப் பக்கம்தான் தங்கினார். கன்னேரிமுக்கில் உள்ள அவருடைய வீடு இன்று நினைவகமாக இருக்கிறது. மலை ரயிலும் அப்படியே. 1899-இல் குன்னூர் வரை ஏறிய தண்டவாளம் ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆகிவிட்டது. ஒன்பது வருஷம் ரயிலே குன்னூரில் நின்றிருக்கிறது, நாம் ஒரு ராத்திரி நிற்கக் கூடாதா? இன்றைக்கும் பல்சக்கரப் பாதை குன்னூரோடு முடிகிறது; என்ஜினை மாற்றிக்கொண்டுதான் ரயில் மேலே போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அது எடுத்துக்கொள்வது ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிறோம். காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் மட்டும் ஹாரனை அழுத்துகிறோம்.

காகித வேலையைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று அளவும் வைத்தார்கள். இந்த வருஷ நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெடுபிடி என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் மலைப்பாதை நெரிசலில் சிக்கியவர்கள் சலித்துக்கொள்வதாகத் தெரியவில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

ஓட்டுகிறவருக்கு இரண்டே வார்த்தை. ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. திரும்பும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற மேதாவிகளுக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

குன்னூருக்கு மதியத்துக்குள் வந்து சேர்ந்தால் சாயங்காலம் முழுக்க உங்களுடையது. 1874-இல் உருவான சிம்ஸ் பூங்கா இருக்கிறது. அதைவிட, ஏதாவது தேயிலைத் தோட்டச் சாலையில் சும்மா நடக்கலாம் என்பேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிப் படுதா கட்டியிருப்பதைக் கவனியுங்கள். கவாத்து வெட்டிய செடியின் குச்சிகள் சேலையைக் கிழித்துவிடும், அதற்காகத்தான். படம் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கூலிக்கு எடை போடும் நேரம் அது, நம் போஸுக்காக அவர்கள் கூடையை இரவல் வாங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. வழியில் கடை இருந்தால் டீயும் வர்க்கியும் சொல்லுங்கள். வர்க்கியைத் தோய்த்துத்தான் சாப்பிட வேண்டும். நீலகிரிக்காரர்கள் முன்னால் அப்படியே கடித்துவிட்டு, கெட்டியாக இருக்கிறது என்று குறை சொல்லாதீர்கள்.

மறுநாள் காலை ஊட்டி. அங்கிருந்து உங்கள் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம், நான் குறுக்கே வர மாட்டேன். கூட்டம் அதிகமான நாட்களில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். அப்படி அனுப்பினால் முணுமுணுக்காதீர்கள், சல்லிவன் வந்த பக்கத்தைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

போய் வந்ததும் எழுதுங்கள். எந்தப் பூங்கா அழகு என்பதெல்லாம் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் வழியில் எங்கே நிறுத்தினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், பின் சீட்டில் யார் முதலில் எலுமிச்சம்பழம் கேட்டார்கள் என்று எழுதுங்கள். ஜூன் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்