முதலில் மீன் அறையைப் பாருங்கள்

ஊட்டி மார்க்கெட்டில் ஐஸ் தூவி அடுக்கிய சூரை மீனின் தரம் மலையில் முடிவாவதில்லை. நடுக்கடலில், படகின் மீன் அறையிலேயே முடிவாகிவிடுகிறது.

பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக, 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சூரைப் படகுகளை 70 சதவீத மானியத்தில் தரும் திட்டம் 2017-இல் வந்தது. வாரக்கணக்கில் கடலில் தங்கும் படகுக்குக் குளிர் அறைதான் உயிர்.

அதற்காக ஃப்ரீசரில் மயங்க வேண்டாம். கம்ப்ரசர் ஓட டீசல் எரியும். பழுதானால் நடுக்கடலுக்கு மெக்கானிக் வரப்போவதில்லை. ஐஸ் அப்படியல்ல: ஒரு கிலோ உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்கும். ஆனால் அறைச்சுவரில் ஃபோம் மெலிந்திருந்தாலோ, மூடியின் ரப்பர் விரிசல் விட்டிருந்தாலோ அத்தனை ஐஸும் தண்ணீர்தான். சூடேறிய சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

மானியம் தரும் அரசு, எஞ்சினின் குதிரைசக்தியைக் கேட்கும் முன் ஃபோமின் தடிமனை அளக்கட்டும்.