வெட்டிவேர்: வேர் விவசாயிக்கு, வாசனை யாருக்கு?

மண்பானைத் தண்ணீரில் ஒரு கொத்து, ஜன்னலில் ஒரு தட்டி. நமக்குத் தெரிந்த வெட்டிவேர் இவ்வளவுதான். ஆனால் விலை உயர்ந்த பல சென்ட்களில் மணம் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைப்பது இதன் எண்ணெய்தான். கடலூர் மாவட்டக் கடலோர மணல் பகுதியில் இது நன்றாக விளைகிறது. அப்போ விவசாயி கையில் காசு புரளணுமே? அங்கேதான் சிக்கல்.

எப்படி விளைகிறது?

வெட்டிவேர் ஒரு புல். விதை தேவையில்லை, தூரைப் பிரித்து நட்டால் போதும். வறட்சியையும் தாங்கும், தேங்கிய நீரையும் தாங்கும். வேர் 2 மீட்டருக்கு மேலும் நேராகக் கீழே இறங்கும். லக்னோவில் உள்ள சிமேப் ஆய்வு நிறுவனம் தாரிணி, குலாபி, கேசரி போன்ற ரகங்களைத் தந்திருக்கிறது.

செலவு எங்கே?

அறுவடையில். சுமார் ஒரு வருடம் காத்திருந்து, மேல் புல்லை அறுத்து, வேர் அறுந்துபோகாமல் தோண்ட வேண்டும். மணல் நிலம் என்றால் வேலை சுலபம். களிமண்ணில் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். பிறகு கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும்.

எண்ணெய் ஏன் இவ்வளவு விலை?

100 கிலோ உலர்ந்த வேரில் கிடைப்பது ஏறக்குறைய 1 கிலோ எண்ணெய்தான். ரகத்தையும் வயதையும் பொறுத்து இது கூடும், குறையும். எலுமிச்சைப் புல்லில் சில மணி நேரத்தில் எண்ணெய் இறங்கிவிடும். வெட்டிவேர் எண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் ஒரு நாள் முழுக்கக்கூட நீராவி கொடுக்க வேண்டியிருக்கும். எரிபொருள் செலவை யோசித்துப் பாருங்கள்.

ஹைட்டி சொல்லும் பாடம்

உலகச் சந்தைக்கு வெட்டிவேர் எண்ணெய் அனுப்புவதில் முன்னணியில் இருப்பது ஹைட்டி. அங்கே அவசரப் பணத்தேவைக்காகச் சிறு விவசாயிகள் வேர் முற்றும் முன்பே தோண்டிவிடுகிறார்கள். எண்ணெயும் குறைகிறது, தரமும் குறைகிறது. மண்ணைப் பிடித்து வைக்கும் புல்லைச் சரிவு நிலத்தில் பிடுங்கினால், மழைக்கு மண்ணும் போய்விடுகிறது.

இங்கே என்ன செய்யலாம்?

வேரை வேராகவே விற்கும்வரை விலையை முடிவு செய்பவர் வியாபாரிதான். தனி ஆள் வடிசாலை கட்டுவது கஷ்டம். ஊருக்கு ஒன்றாக, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தும் பொது வடிசாலை வேண்டும். தரத்தைச் சோதிக்க அருகிலேயே ஆய்வகமும் வேண்டும். வேர் முற்றும்வரை காத்திருக்கக் குறைந்த வட்டிக் கடன் இன்னும் முக்கியம். சிஎஸ்ஐஆரின் அரோமா மிஷன் நாற்றும் பயிற்சியும் தருகிறது. நல்ல தொடக்கம், ஆனால் நாற்று கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது.

ஐடி வேலையை விட்டுவிட்டு 'ஏக்கருக்கு லட்சங்கள்' வீடியோவை நம்பி இறங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நடும் முன்பே வாங்குபவர் யார் என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள். புல் எங்கேயும் முளைக்கும். சந்தை அப்படி இல்லை.