மண்ணைக் கேட்டுப் பேசுவோம்

தமிழினத்தின் தொன்மையைப் பேசும்போதெல்லாம், கண்டங்கள் பிரிந்த வரலாற்றைக் குமரிக்கண்டத்திற்குச் சான்றாகக் காட்டுவோர் நம்முள் பலர். அவர்கள் முதற்கண் மண்ணின் மொழியைக் கற்றல் வேண்டும்.

வியாசர்பாடியில் ஆழ்துளையிட்டால் மணலும் களியும் அடுக்கடுக்காய் மேலெழும். அவை இங்குப் பிறந்தவை அல்ல. மேற்கே பாறைகள் சிதைய, ஆறுகள் சுமந்து வந்தவை. தாய்ப்பாறையின் கூறுகளை மணல் தன்னுள் பொதிந்தே வருகின்றது. இங்ஙனம் படிந்து இறுகிய மணற்பாறையின் தனிமங்களை அளந்து, பண்டைப் புவித்தட்டுகளின் அமைப்பை உய்த்துணரும் துறை ஒன்று வளர்ந்துள்ளது. எரிமலைத் தீவுகளினின்று வந்த மணலில் இரும்பும் மகனீசியமும் மிகும். அமைதியான கண்டக்கரையில் பலகால் அரைபட்டுச் சேர்ந்த மணலில் சிலிக்கா மிகும். சோடியத்தினும் பொட்டாசியம் விஞ்சும். 1983-இல் முகுல் பாட்டியாவும், 1986-இல் உரோசர், கோர்ச்சு இருவரும் இவ்வேறுபாடுகளை வரைபடங்களாக்கினர். அறிஞர் பலரும் அவற்றைக் கைக்கொண்டனர்.

ஆயினும் அவற்றை ஐயுற்று ஆய்ந்தோரும் உளர். கூடங்குளத்து மணற்பாறைகளைப் பற்றி 2004-இல் ஆய்வுரை வெளியிட்டவருள் ஒருவர் ஆம்சுட்ராங்கு ஆல்ட்ரின். அவரும் சுரேந்திர வர்மாவும் 2005-இல், எத்தகைய தட்டமைப்பில் படிந்தவை என ஐயமின்றித் தெரிந்த இளம்படிவுகளைக் கொண்டு ஆறு வரைபடங்களைச் சோதித்தனர். விடை தெரிந்த வினாக்களிலேயே அவை பலவிடத்துப் பிழைத்தன! மழையில் பாறை சிதையுங்கால் சோடியம் போன்றவை கரைந்தோடும். மேலும், மணல் தன் தாய்ப்பாறையின் பழங்கதையைச் சொல்லுமேயன்றித் தான் படிந்த காலத்து நிலையைச் சொல்லாதும் போகலாம். ஆகலின் அவ்விருவரும் 2013-இல் புதிய வரைபடங்களை அமைத்தளித்தனர்.

அளந்தறிந்தோரே தம் அளவுகோலை ஐயுறுகின்றனர். நாமோ அளவாமலே முழங்குகின்றோம்! இந்திய நிலம் அண்டார்ட்டிக்காவை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்றைய மாந்தவினம் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுகளுக்கு முன்னரே. இடைப்பட்ட காலத்தை எந்த மேடைமுழக்கத்தால் நிரப்புவது? பொய்ச்சான்று ஒன்று உடைபடின், ஆதிச்சநல்லூரும் கீழடியும் தரும் மெய்ச்சான்றுகளையும் பகைவர் எள்ளி ஒதுக்குவர்.

அன்பர்களே! தமிழுக்குப் பொய்யின் துணை வேண்டா. நிலவியலைத் தமிழிலேயே கற்பிப்போம்; நல்ல நூல்களைத் தமிழிலேயே ஆக்குவோம். நம் பிள்ளைகள் இம்மண்ணைத் தாமே அளந்து பேசட்டும். அதுவே தொன்மைக்கு நாம் செய்யும் தொண்டு.