விட்ட மீன் திரும்பாது

ஸ்பெயின் நாட்டின் எப்ரோ ஆற்றில் அரை நாள் தூண்டில் போட, வழிகாட்டிக்கும் படகுக்கும் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் தேடுவது 2 மீட்டருக்கு மேலும் வளரும் ராட்சதக் கெளுத்தி. அது அந்த ஆற்று மீனல்ல; 1974-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. இன்று வழிகாட்டிகளுக்கு வருமானம். ஆற்றின் சொந்த மீன்களோ அதற்கு இரை. இனி அதை அடியோடு அகற்றுவது நடவாத காரியம்.

தமிழகத்தில் குட்டை வெட்டி மீன் வளர்க்கும் விவசாயிகளுக்கு இது பாடம். ஆப்பிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் வளரும், கழிவையும் தின்னும் என்று ஆசை காட்டுவோர் உண்டு. அது தடை செய்யப்பட்ட இனம். ஐப்பசி மழையில் கரை உடைந்தால் வாய்க்கால் வழியே ஆற்றில் சேரும். அயிரையும் குரவையும் அதற்கு இரையாகும். கட்லா, ரோகு இருக்க இது எதற்கு? இனம் தெரிந்து குஞ்சு வாங்குவதே நல்லது.