சூதானம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் யாராவது வெளியூர் கிளம்பினால் வாசலில் நிற்கும் பெரியவர்கள் "சூதானமா போயிட்டு வாப்பா" என்பார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது கொஞ்சம் விளங்காது. உள்ளே 'சூது' இருக்கிறதே, ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு! கவனம், முன்யோசனை, பிறரிடம் ஏமாறாத சாமர்த்தியம் எல்லாம் கலந்ததுதான் சூதானம். 'ஜாக்கிரதை' என்பதில் பயம்தான் தூக்கலாகத் தெரிகிறது.

இந்த வட்டாரம் மானாவாரிப் பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசல். குண்டாற்றில் வருடத்தின் பெரும்பாலான நாள் மணல்தான். இங்கே பருத்தி போடுகிறவர் ஊடே உளுந்தோ பாசியோ போட்டு வைப்பார். ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும். மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதும் உண்டு. மழை தள்ளிப்போனால் விதை போச்சு. ஆனால் ஈரம் கண்டபிறகு பார்க்கலாம் என்று இருந்தால் கரிசல் சேறாகி ஏர் இறங்காது, முதல் மழையும் வீண். அதனால் குலுக்கையில் கொஞ்சம் விதையை நிறுத்திக்கொண்டு மீதியைத் துணிந்து மண்ணில் போட்டார்கள். ஆக, சூதானத்துக்குள்ளேயே துணிச்சலும் இருக்கிறது.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன் (பின்னாளில் ரமணர்) 1896-ல் மதுரை வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணம் 5 ரூபாயில், பழைய வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, 2 ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டுப் போனார். துறவு போகிறவருக்கும் கணக்கு இருந்திருக்கிறது பாருங்கள்.

இப்போது இந்தச் சொல் படும் பாடுதான் வருத்தம். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தால் பையனுக்கு "சூதானமா போயிட்டு வா". அதே வீட்டில் அதே மார்க் எடுத்த பெண்ணுக்கு "காலம் கெட்டுக் கெடக்கு, சூதானமா வீட்டோட இரு தாயி". ஒரே சொல், ஒருத்தருக்கு வழித்துணை, இன்னொருத்தருக்குத் தாழ்ப்பாள்! விதையைக் கடைசிவரை குலுக்கையிலேயே வைத்திருந்தால் அதைப் புழு தின்னும் என்பது இதைச் சொல்கிற பெரியவர்களுக்குத் தெரியாததா? அவளுக்கும் வண்டிச் செலவுக்கு மேலே ஒரு ஐந்நூறு ரூபாயைத் தனியாக முடிந்து கொடுத்து, விடுதியையும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்து, பஸ் ஏற்றிவிடலாமே.