மூன்று நிமிடத் தாமதம்

குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசர் மீது பல வீடுகளில் ஒரு குறை உண்டு. மின்சாரம் போய்த் திரும்பியவுடன் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. பெட்டி மட்டும் அசையாமல் நிற்கிறது. ஏறத்தாழ 3 நிமிடம் கழிந்த பின்னரே ‘டக்’கென்ற ஓசையுடன் அதற்கு உயிர் வருகிறது. கருவி பழுதாகிவிட்டதென்று எண்ணி, அதைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின் பிளக்கை நேரே சுவரில் செருகிவிடுவோரும் உளர்.

அந்தக் காத்திருப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கம்ப்ரஸர் ஓடும்போது அதன் ஒரு பக்கம் வாயுவின் அழுத்தம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். ஓட்டம் நின்றபின் இரண்டும் சமநிலைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மின்சாரம் பாய்ந்தால், அழுத்தத்தை எதிர்த்துச் சுழல இயலாத மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். இது பலமுறை நேர்ந்தால் உள்ளே இருக்கும் சுருள் கருகும். கருவியை வடிவமைத்தவர் 3 நிமிடத்தை நம்மிடமிருந்து பறிக்கவில்லை. கம்ப்ரஸரின் ஆயுளுக்காகக் கடன் கேட்டிருக்கிறார்.

பழைய வீடுகளின் ஃபியூஸ் கட்டையையும் இங்கே நினைக்கலாம். அடிக்கடி கம்பி உருகி இருட்டாகிறதே என்று சலித்து, மெல்லிய ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைப்பது நம் நாட்டு வீட்டு வைத்தியங்களுள் ஒன்று. அதன்பின் ஃபியூஸ் போகாது. போக வேண்டிய நாளிலும் போகாது. சுவருக்குள் ஓடும் வயர் எரியும். தொல்லையென்று நாம் நீக்குவது பல நேரங்களில் காவலாக இருந்திருக்கிறது.

வங்கி இதழில் மின்கருவிப் பழுது எதற்கு என்று வாசகர் கேட்கலாம். பணப் பரிமாற்றத்தில் அண்மைக்காலமாக நாடெங்கும் நிகழும் விவாதமும் இதே தாமதத்தைப் பற்றியதுதான். முன்பின் பணம் அனுப்பியிராத ஒருவருக்கு முதன்முறையாக 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால், அது 4 மணி நேரம் கழித்தே நிறைவேறும்படி செய்யலாமா என்று அரசு ஆலோசிப்பதாக 2023 நவம்பரில் செய்தி வந்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது. வேகமே நம் பெருமையாக இருக்கும்போது அதற்கு முட்டுக்கட்டை போடுவதா என்றார்கள். அந்த வடிவில் அந்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. 2,000 ரூபாய் என்னும் வரம்பு மிகக் குறைவு என்பதை நாமும் ஒப்புவோம். ஆனால் யோசனையின் உட்பொருள் சரியானது என்பதே நம் கருத்து. பெருந்தொகை, புதிய பெயர் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தாமதம் இருந்தே ஆக வேண்டும்.

வேகத்தின் அருமை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. 2016-இல் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகலென்று பாராமல், விடுமுறை நாளிலும் இயங்குகின்றன. காசோலையும் அவசரக்காரராகிவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல், காலையில் செலுத்தும் காசோலை அன்று மாலைக்குள்ளேயே முடிவு காணும் முறை வந்துள்ளது. மருத்துவமனை வாயிலில் நள்ளிரவில் நிற்பவருக்கு இந்த வசதிகளின் மதிப்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் நம் முன்னோர் பணம் அனுப்பிய முறைகளைப் பார்த்தால், வேகத்தை நாடிய அளவுக்குத் தடையையும் அவர்கள் திட்டமிட்டே வைத்தார்கள் என்பது புலப்படும். பல நூற்றாண்டுகள் இந்நாட்டு வணிகத்தைத் தாங்கிய உண்டியலை எடுத்துக்கொள்வோம். கோயில் உண்டியலை நாம் குறிப்பிடவில்லை. ஓர் ஊர் வணிகர் இன்னோர் ஊர் வணிகருக்கு, ‘இன்னாருக்கு இவ்வளவு தருக’ என்று எழுதிக்கொடுத்த சீட்டு அது. கண்டவுடன் பணம் தர வேண்டியது ‘தர்சனி’. குறித்த தவணை கழிந்தபின் தர வேண்டியது ‘முத்ததி’. இவற்றுள் நம் கவனத்தை ஈர்ப்பது ‘ஷா ஜோக்’ என்னும் வகை. அச்சீட்டைக் கொண்டுவருபவர் எவராயினும் பணம் கிடைத்துவிடாது. கடைவீதியில் பெயர் தெரிந்த, நம்பகமான ஒரு வணிகர் வழியாக வந்தால்தான் கிடைக்கும். சீட்டு போலியென்று பின்னர் தெரிந்தால், பணத்தைப் பெற்ற அந்த வணிகர் திருப்பித் தர வேண்டும். சீட்டைத் திருடியவன் அறிமுகத்துக்கு எங்கே போவான்? சீட்டு தொலைந்தால் ‘பேட்’ என்னும் நகலும், அதுவும் தொலைந்தால் ‘பர்பேட்’ என்னும் மறுநகலும் எழுதித் தரும் வழக்கமும் இருந்தது. கணினி இல்லாத காலத்தில் எத்தனை நுட்பமான ஏற்பாடு என்று வியக்கத் தோன்றுகிறது.

காசோலையின் இடது மூலையில் நாம் இழுக்கும் இரு கோடுகள் செய்வதும் இதையே. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, கோடிட்ட காசோலைக்கு முகப்பில் ரொக்கம் தரலாகாது. வங்கிக் கணக்கின் வழியாகவே பணம் செல்ல வேண்டும். பெறுபவருக்கு அதனால் ஓரிரு நாள் தாமதம். எழுதியவருக்கு அந்த ஓரிரு நாளே காவல். காசோலை தொலைந்தது தெரிந்தால் நிறுத்தச் சொல்ல அவகாசம் இருந்தது. பணம் பெற்றவர் யாரென்பதும் பதிவில் நின்றது. 1880-இல் அஞ்சலகங்கள் மணியார்டரை ஏற்றபின், அஞ்சல்காரர் வீட்டுவாசலில் நின்று ஆளைப் பார்த்து, படிவத்தில் ஒப்பமோ கைநாட்டோ பெற்றுத்தான் ரூபாயை எண்ணினார்.

இத்தகைய தடைகளை எல்லாம் தொழில்நுட்பம் ஒவ்வொன்றாக நீக்கியது. பெரும்பாலும் அது நன்மையே. ஆனால் அறிமுகம் கேட்கும் கடைவீதியும், கூர்ந்து பார்க்கும் அஞ்சல்காரரும் போன இடத்தை நிரப்பப் போதுமான ஏற்பாட்டை நாம் இன்னும் செய்யவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இன்றைய மோசடிக்காரன் கடை விரித்திருக்கிறான்.

‘டிஜிட்டல் கைது’ என்னும் சொல்லை இப்போது கேள்விப்படாதவர் அரிது. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். காவல் அதிகாரியாகவோ சுங்க அதிகாரியாகவோ வேடமிட்டவன் காணொளி அழைப்பில் வருகிறான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்கிறான், அல்லது உங்கள் ஆதார் எண் கறுப்புப்பண வழக்கில் சிக்கியிருக்கிறது என்கிறான். பிறகு அவன் இடும் கட்டளைகள் எப்போதும் மூன்றுதான்: அழைப்பைத் துண்டிக்காதே, எவரிடமும் சொல்லாதே, உடனே பணத்தை ‘சரிபார்ப்பு’க்கு அனுப்பு. நம் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தருவதைக் காவலரின் கடமையாக்கியிருக்கிறது. உண்மையான காவலர் வீட்டாருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். எவருக்கும் சொல்லாதே என்பவன் யாரென்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஆயினும் படித்தவர்களும், ஓய்வுபெற்ற அதிகாரிகளும், கணக்கில் தேர்ந்தவர்களும் ஏமாறுகிறார்கள். அவர்களை அறிவிலிகள் என்று எண்ணுவது பெருந்தவறு. அச்சத்தில் இருக்கும் மனம் கம்ப்ரஸரைப் போன்றது. அழுத்தம் சமனாகுமுன் அதை இயக்கினால் கெடும். மோசடிக்காரன் விற்பது அச்சத்தை. அவன் முதலீடு நம் பரிமாற்றத்தின் வேகம். வைப்புத்தொகையைக் கைபேசியிலேயே முறித்து, அடுத்த சில நிமிடங்களில் ஆர்டிஜிஎஸ் வழியே அனுப்ப முடிகிறது. போய்ச் சேர்ந்த பணம் பல கணக்குகளாகப் பிரிந்து, சிறு கமிஷனுக்குத் தம் கணக்கை வாடகைக்கு விட்டவர்களின் பெயரில் சிதறிவிடுகிறது. அங்கே 4 மணி நேரம் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? மகள் ஒருமுறை தொலைபேசியில் அழைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருப்பார்.

தாமதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் ஒன்றை நாம் மதிக்கிறோம். மணப்பெண்ணின் நகைக்கும், வீட்டு முன்பணத்துக்கும், வெளியூர்க் கல்லூரிக் கட்டணத்துக்கும் நாம் பணம் அனுப்புவது பெரும்பாலும் புதியவருக்கே, தொகையும் பெரிதே. இவர்களையெல்லாம் காக்க வைப்பது நியாயமா? இத்தகைய செலவுகள் திடீரென வருவன அல்ல என்பது நம் விடை. முந்தைய நாளே அந்தப் பெயரைப் பயனாளிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் மறுநாள் தடையில்லை. மருத்துவமனை போன்ற இடங்களுக்கு விலக்கு அளிக்கலாம். காய்கறிக்கடைக்கும் ஆட்டோவுக்கும் எந்தத் தாமதமும் தேவையில்லை. சிறு தடைகள் இப்போதும் உண்டு: யுபிஐ-யைப் புதிய கைபேசியில் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப இயலாது, புதிய பயனாளியைச் சேர்த்தால் பல வங்கிகள் சில மணி நேரம் பொறுக்கச் சொல்கின்றன. இவற்றைக் குறையென்று எழுதிவரும் புகார்கள் எங்களுக்குப் பழக்கமானவை. ஸ்டெபிலைசரைக் கழற்றிய அதே கை எழுதியவை என்று தோன்றும்.

முகப்பில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதியவர் ஒருவர் பதற்றத்துடன் வந்து வைப்புத்தொகை முழுவதையும் முறித்து, பழக்கமில்லாத பெயருக்கு அனுப்பச் சொன்னால், எதற்கென்று கேட்பது ஊழியரின் கடமை என்று நாம் கருதுகிறோம். ‘என் பணம், உங்களுக்கென்ன?’ என்ற பதில் வரும். அவர் சொல்வது சட்டப்படி உண்மை, பணம் அவருடையதே. ஆயினும் அவரை உள்ளே அமர்த்தி, ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, காதிலிருக்கும் அழைப்பைச் சற்றே நிறுத்தச் சொல்லும் 10 நிமிடம் அவருடைய சேமிப்பைக் காப்பாற்றக்கூடும். வரிசை நீள்கிறதே என்று பின்னால் நிற்போர் முணுமுணுக்காதிருந்தால் அதுவே பேருதவி.

விதி வரும்வரை வீட்டிலேயே சில தடைகளை வைத்துக்கொள்ளலாம். அட்டையின் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வேண்டும்போது திறந்து, மற்ற நேரம் மூடி வைக்கும் வசதி 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. பலர் அதைத் தொட்டதேயில்லை. நாள் வரம்பை நம் உண்மையான தேவைக்கேற்பக் குறைக்கலாம். அன்றாடச் செலவுக்கென ஒரு சிறு கணக்கை வைத்து யுபிஐ-யை அதனுடன் மட்டும் இணைத்து, ஓய்வூதியச் சேமிப்பை வேறொரு கணக்கில் தனியே வைக்கலாம். பெரிய வைப்புத்தொகையை ‘இருவருள் எவரேனும்’ என்பதற்குப் பதிலாக ‘இருவரும் சேர்ந்து’ என்று எழுதினால், இரு ஒப்பமின்றி அது அசையாது. இதில் ஒரு சிக்கலும் உண்டு: ஒருவர் நோயுற்றால் மற்றவர் திண்டாடுவார். ஆகவே எல்லாச் சேமிப்புக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒரே ஓரிடத்தில் மட்டும் வேகம் வேண்டும். பணம் போய்விட்டதென்று தெரிந்த நொடியில் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் இன்னும் ஏதேனும் ஒரு கணக்கில் நின்றுகொண்டிருந்தால் அதை முடக்க முடியும். எடுக்கப்பட்டுவிட்டால் வழக்குதான் மிஞ்சும். வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டுக்குள் மறைப்பவர்களே மிகுதியாக இழக்கிறார்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரோ வங்கியோ காரணமாகாமல் பிறரால் நிகழ்ந்த அனுமதியற்ற பரிமாற்றத்தை 3 வேலைநாளுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பில்லை என்றது. ஆனால் மிரட்டலுக்கு அஞ்சித் தாமே பின் எண்ணை இட்டு அனுப்பிய தொகைக்கு அந்தக் குடை எளிதில் விரியாது. அதனால்தான் பணம் புறப்படுமுன் கிடைக்கும் நேரத்தைப் பற்றி இத்தனை பேசினோம்.

பெற்றோர் வெளியூரில் தனியே இருக்கும் வாசகர்கள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களுடைய கைபேசியில் நாள் வரம்பு எவ்வளவு என்று பார்த்து, அவர்கள் சம்மதத்துடன் குறைத்துவிட்டு வரலாம். 10 நிமிட வேலை. குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசர் கழற்றிக் கிடந்தால் அதையும் மாட்டிவிடலாம்.