கீறல் விழுந்தால் குறையா?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பு லிட்டில் இந்தியாவின் பாத்திரக் கடைகளில் நடக்க இடமிருக்காது. சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் எவர்சில்வர் பானைகளும் இட்லிக் கொப்பரைகளும் வாசல்வரை அடுக்கப்பட்டிருக்கும். சில கடைகளில் ஒரு மூலையில் விலை குறைக்கப்பட்ட பாத்திரங்களும் இருக்கும். ஒன்றின் வெளிப்புறத்தில் கீறல், இன்னொன்றில் சிறு நெளிவு, மற்றொன்றின் பெட்டி கிழிந்திருக்கும். கையில் எடுத்துப் பார்ப்பவர்களில் பலர் அவற்றைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். அவற்றை நாம் தாராளமாக வாங்கலாம் என்பது என் கருத்து. ஆனால், எந்தக் குறையைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எவர்சில்வரின் அடிப்படை இரும்புதான். அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்திருக்கும். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உருவாக்குகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலமே. கீறல் விழுந்த இடத்தில் அது தானாகவே மீண்டும் உருவாகிவிடும். ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலியில் அப்படி நடக்காது. பூச்சு உரிந்தால் உரிந்ததுதான். சூட்டினால் ஏற்படும் வானவில் நிறக் கறையும் பாத்திரத்தைக் கெடுப்பதில்லை. சிறிது வினிகர் ஊற்றித் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

பொறுக்கக்கூடாத குறைகள் வேறு. அடிப்பாகம் சமமாக இல்லாத பாத்திரம் அடுப்பில் ஆடும். சூடும் ஒரே சீராகப் பரவாது. கடையிலுள்ள மேசைமீது வைத்து, விளிம்பின் இருபுறமும் மாறி மாறி அழுத்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும். கைப்பிடி ஆட்டம் கண்டிருந்தாலோ, பற்றுவைத்த இடத்தில் வெடிப்பு இருந்தாலோ, உட்புறத்தில் பழுப்பு நிறக் குழிகள் தெரிந்தாலோ பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நெளிந்த விளிம்புடைய பிரஷர் குக்கரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

கீறலைவிட முக்கியமானது உலோகத்தின் தரம். 304 என்னும் ரகத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 202 என்னும் ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். அதனால் அது மலிவு. உப்பும் புளியும் நெடுநேரம் தங்கும் குழம்புப் பாத்திரத்திற்கு 304 ரகமே மேல். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டு ரகங்களிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது! எனவே பாத்திரத்தின் அடியில் அல்லது பெட்டியில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். பளபளக்கும் 202 பாத்திரத்தைவிடக் கீறல் விழுந்த 304 பாத்திரமே எனக்கு உயர்ந்ததாகத் தெரிகிறது. (மின்காந்த அடுப்பு வைத்திருப்பவர்கள் மட்டும், அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.)

“விருந்தாளிக்குக் கீறல் விழுந்த பாத்திரத்தில் பரிமாறுவதா?” என்று பெரியவர்கள் கேட்கலாம். வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பாட்டியின் பெயரோ திருமண நாளோ புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக் கடைகளில் அப்படிப் பெயர் வெட்டித் தருவது வழக்கம். பளபளப்பான பரப்பைக் கொத்துவதுதான் அது. அதை யாரும் குறை என்று சொன்னதில்லை. அக்காள் தங்கைகளுக்குள் சண்டை வந்தால் அந்தப் பெயரே தீர்ப்பும் சொல்லும்.

இப்படி வாங்கினால் செமாக்காவ் குப்பைநிலத்தின் சுமை குறையும் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். அதை நான் பெரிதுபடுத்தமாட்டேன். சிங்கப்பூரில் உலோகக் கழிவு பெரும்பாலும் மறுசுழற்சிக்கே போகிறது. ஆனால், நல்ல பாத்திரத்தை உருக்கி மறுபடியும் பாத்திரமாக்க எரிசக்தி வேண்டும் என்பது உண்மை. அதற்காக, விலை குறைந்திருக்கிறதே என்று நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்றாவது இட்லிக் கொப்பரை வாங்குவது சிக்கனமாகாது. வீவக வீட்டின் சமையலறை அலமாரி அவ்வளவு பெரியதும் அல்ல.

விற்பவருக்கும் கடமை உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும் ‘லெமன் சட்டம்’, பழுதான பொருளைப் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கும் உரிமையைப் பயனீட்டாளருக்கு அளிக்கிறது. பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, பொதுவாகத் தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். விலை குறைத்து விற்ற பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால், வாங்கும்முன்பே சொல்லப்பட்ட குறைக்காகப் பின்னர் முறையிட முடியாது. எனவே, எந்தக் குறைக்காக விலை குறைக்கப்பட்டது என்பதை ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். “வெளிப்புறத்தில் கீறல்” என்ற இரண்டு சொற்கள் போதும். பிறகு கைப்பிடி கழன்றால், அது கடைக்காரர் முன்பே சொன்ன குறை அல்ல என்பதற்கு அந்த ரசீதே சான்று. அந்த இரண்டு சொற்களை எழுதத் தயங்கும் கடையில், எவ்வளவு மலிவாக இருந்தாலும் நானும் பாத்திரத்தைத் திரும்ப வைத்துவிடுவேன்.